ஒரு வகுப்பில் எத்தனை வகுப்புகள்?

(இளங்கலைப் பொருளியல் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் எழுதியது)

நட்பைப் பற்றி ஒரு கட்டுரையாவது இல்லாத கல்லூரி மலர் உண்டோ? வள்ளுவப் பெருந்தகை நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்களை வகுத்துத் தந்தார். அவற்றின் நயத்தைத் தமிழ்த்துறை நண்பர்கள் என்னைவிடச் செம்மையாக எழுதுவார்கள். பொருளியல் படிக்கும் எனக்கு எழுந்த ஐயம் சற்றே வேறு. நாம் நண்பர்களைத் தேர்ந்தெடுக்கிறோமா? அல்லது நாம் அறியாமலே வேறு ஏதோ ஒன்று நமக்காகத் தேர்ந்தெடுத்துத் தந்துவிடுகிறதா?

இந்த ஐயம் நூலகத்தில் பிறந்ததன்று, கேன்டீனில் பிறந்தது. பகல் ஒரு மணிக்கு அங்கே போய் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். சன்னலோர மேசையில் ஆங்கில வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். அதற்கடுத்து இருசக்கர வண்டியில் வருபவர்கள். சுவரோரமாக விடுதி மாணவர்கள். வெளியே வேப்பமரத்தடியில், வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு கொண்டு வந்தவர்கள். சில மேசைகளை நாம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் குறிப்பிடுகிறோம். அந்த ஊர்ப் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். தமிழில் பாடம் நடக்கும் அறைக்கும் ‘வகுப்பு’ என்றே பெயர். சமுதாயப் பிரிவுக்கும் ‘வகுப்பு’ என்றே பெயர். அந்த அறையில் ஒரே வகுப்பாக இருக்கும் நாம், மணி அடித்ததும் பல வகுப்புகளாகப் பிரிந்து போகிறோம்!

முதலாண்டில் என் பக்கத்தில் அமர்ந்தவன் சேர்க்கை எண்ணில் எனக்கு அடுத்தவன். அவன் தந்தை கூலி வேலை செய்பவர். என் தந்தை அலுவலக எழுத்தர். ஆங்கிலப் பாடத்தை நான் அவனுக்குச் சொல்லித் தருவேன்; புள்ளியியலில் எனக்குப் புரியாத இடைநிலை அளவையும் திட்ட விலக்கத்தையும் அவன்தான் எனக்குப் புரிய வைத்தான். முதல் பருவம் முழுவதும் நாங்கள் இணைபிரியாமல் இருந்தோம். இரண்டாம் பருவத்தில் அவன் கேன்டீனுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். கேட்டால், “நூலகத்துக்குப் போறேன்டா” என்பான். படிப்பாளி என்று முதலில் நினைத்தேன். பிறகு, தலைக்கனம் என்று நினைத்தேன். அதன்பின் நினைப்பதையே விட்டுவிட்டேன். உண்மையான காரணம் எனக்குத் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆணை போட்டுப் பிரித்த காலம்

மாணவர்களின் மேசைகளை அரசாங்கமே பிரித்து வைத்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்க நாட்டின் ஓக்லஹோமாப் பல்கலைக்கழகத்தில் 1948-ஆம் ஆண்டு ஜார்ஜ் மெக்லாரின் என்னும் கறுப்பின ஆசிரியர், வழக்காடி வென்று, முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தார். சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் சேர்ந்திருக்க விடவில்லை. வகுப்பறையை ஒட்டிய முன்னறையில் அவருக்குத் தனி இருக்கை. நூலகத்தில் மற்றவர்கள் படிக்கும் கூடம் அவருக்கு மறுக்கப்பட்டு, வேறோர் இடத்தில் தனி மேசை. உணவுச்சாலையிலும் தனி மேசை, அதுவும் தனி நேரத்தில்! அவர் மீண்டும் வழக்குத் தொடுத்தார். 1950-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. சக மாணவர்களோடு கலந்து பேசுவதும் கருத்துகளைப் பரிமாறிக்கொள்வதும் கல்வியின் ஒரு பகுதி. அதைத் தடுத்தால் கல்வியே குறைபடுகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அத்தீர்ப்பில் இன்னொரு கருத்தும் உண்டு. மாணவர்கள் தாமாக ஒருவரோடு பழக மறுப்பது வேறு. பழகக்கூடாது என்று அரசு தடை போடுவது வேறு. தடையை நீக்குவதால் மட்டும் மனத்திலுள்ள வேற்றுமை நீங்கிவிடாது. ஆனால் தன் தகுதியால் பிறர் நட்பைப் பெறும் வாய்ப்பாவது அந்த மாணவருக்குக் கிடைக்கும். நீதிமன்றம் அந்த வாய்ப்பைத்தான் தர முடிந்தது. நட்பைத் தர எந்த நீதிமன்றத்தாலும் இயலாதல்லவா?

அது எவ்வளவு உண்மை என்பதை 1962 காட்டியது. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் முதல் கறுப்பின மாணவராக ஜேம்ஸ் மெரிடித் சேர்ந்தபோது கலகம் மூண்டு, இருவர் உயிரிழந்தனர். மைய அரசின் காவலர்கள் துணையோடு அவர் வகுப்புக்குப் போனார். உணவுச்சாலையில் அவர் ஒரு மேசையில் சென்று அமர்ந்தால், அங்கிருந்த வெள்ளை மாணவர்கள் எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். சட்டம் அவருக்கு நாற்காலியைத் தந்தது. எதிர் நாற்காலியில் ஆளைத் தரவில்லை. எனினும் அவர் உறுதி குலையாமல் படித்து 1963-இல் பட்டம் பெற்றார்.

இதைப் படித்து, ‘அந்நிய நாட்டுக் கொடுமை’ என்று நாம் பெருமூச்சு விட்டு ஒதுங்கிவிட முடியாது. 1924-25 ஆண்டுகளில், சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டதைக் கண்டித்து எழுந்த கிளர்ச்சி, தமிழக அரசியலையே திசைதிருப்பியது. வரதராசலு நாயுடுவும் பெரியாரும் அதில் முன்னின்றார்கள். நாட்டு விடுதலைக்காகப் பாடுபட்டவர் நடத்திய பள்ளியிலேயே பந்தி இரண்டாக இருந்தது! இனமும் சாதியும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆனால் சாப்பாட்டு மேசையைப் பொறுத்தவரையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன.

ஆணை போனது, மேசை போகவில்லை

இன்று எந்தக் கல்லூரியிலும் அப்படியோர் ஆணை இல்லை. பிறகு ஏன் மேசைகள் பிரிந்தே கிடக்கின்றன?

‘இனம் இனத்தோடு சேரும்’ என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. சமூகவியல் அறிஞர்களான பால் லாசர்ஸ்ஃபெல்டும் ராபர்ட் மெர்ட்டனும் 1954-இல் இதற்கு ‘ஹோமோஃபிலி’ என்றொரு சொல்லை உருவாக்கினார்கள். ஒத்தவரோடு சேரும் இயல்பு என்று அதனைத் தமிழில் சொல்லலாம். இதில் நாம் பழித்துப் பேச வேண்டியது எது, பொறுத்துக்கொள்ள வேண்டியது எது என்று பிரித்தறிதல் வேண்டும்.

பெவர்லி டேனியல் டாட்டம் என்னும் கறுப்பின உளவியல் பேராசிரியர், கறுப்பினப் பிள்ளைகள் உணவுச்சாலையில் ஏன் ஒன்றாகவே அமர்கிறார்கள் என்னும் கேள்வியையே தலைப்பாக்கி 1997-இல் ஒரு நூல் எழுதினார். அந்தப் பிள்ளைகள் யாரையும் வெறுத்து ஒதுங்கவில்லை என்கிறார் அவர். தம்மைப் பற்றிய ஏளனத்தையும் தவறான எண்ணத்தையும் நாள்தோறும் எதிர்கொள்ளும் ஒருவர், விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஓரிடத்தைத் தேடிப் போகிறார். அங்கே தம்மைத் தாமே புரிந்துகொள்கிறார். வேப்பமரத்தடியில் கூடும் நம் நண்பர்களை எண்ணிப் பார்க்கிறேன். அங்கே யாரும் அவர்களுடைய ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பதில்லை. தூக்குவாளியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதும் இல்லை. மரத்தடியில் ஒன்றாக அமர்பவர்களை ‘ஏன் ஒதுங்குகிறீர்கள்?’ என்று கேட்கிறோம். சன்னலோரத்தில் ஒன்றாக அமரும் எங்களை அப்படி யாரும் கேட்பதில்லை. ஏன்?

அடுத்த அறை, அடுத்த எண்

ஒத்தவர் சேர்வது இயல்பென்றால், ஒவ்வாதவர் எப்போதுதான் சேர்கிறார்கள்? இங்கே ஆராய்ச்சிகள் தரும் விடை வியப்பானது, மிக எளியதும்கூட. பக்கத்தில் இருந்தால் சேர்கிறார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், போர் முடிந்து படிக்க வந்த திருமணமான மாணவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பை ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்னும் மூவர் ஆராய்ந்து 1950-இல் நூலாக வெளியிட்டார்கள். வீடு காலியான வரிசையில் ஒதுக்கப்பட்டதால், யார் அருகில் யார் என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரே தளத்தில் அடுத்தடுத்த வீட்டார் நண்பர்களானது 100-க்கு 41; ஒரு வீடு தள்ளி இருந்தால் 22; தளத்தின் இரு கோடிகளில் இருந்தால் 10. எல்லாம் சில அடி தூரம்தான்!

1974-இல் மேடி சீகல் என்பவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. மேரிலாந்து மாநிலக் காவலர் பயிற்சிப் பள்ளியில் அறையும் இருக்கையும் பெயரின் அகர வரிசைப்படி தரப்பட்டன. யார் உங்கள் நண்பர் என்று கேட்டபோது, பயிற்சியாளர்கள் சொன்ன பெயர்கள் பெரும்பாலும் அகர வரிசையில் தம் பெயருக்கு அருகில் இருந்தவர்களின் பெயர்களாகவே இருந்தன. சேர்க்கை எண் எனக்குத் தந்த நண்பனை நினைத்துக்கொண்டேன்.

இனப் பிரிவினையை இந்த அண்மை வெல்லுமா? டார்ட்மத் கல்லூரி மாணவர்களிடையே நடந்த மின்னஞ்சல் போக்குவரத்தை எண்ணிப் பார்த்து டேவிட் மார்மரோஸ், புரூஸ் சாசர்டோட் என்னும் இருவர் 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்ட பாடம், பொழுதுபோக்கு, குடும்பப் பின்னணி ஆகியவற்றைவிட, இருப்பிடத்தின் அண்மையும் இனமுமே மாணவர் தொடர்பைப் பெரிதும் தீர்மானித்தன. ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் தொடர்பு கொள்வதைப் போல் 3 மடங்கு, இரு வெள்ளையர்கள் தம்முள் தொடர்பு கொண்டார்கள். ஆனால் அதே கறுப்பரையும் வெள்ளையரையும் முதலாண்டில் ஒரே விடுதியில் வைத்தால், அவர்களின் தொடர்பும் 3 மடங்காகியது! இனம் எழுப்பிய சுவரின் உயரத்துக்கு ஈடாக, ஒரு விடுதி அறை ஒதுக்கீடு ஏணி வைக்கிறது.

இதற்கு நமக்கு நன்கு தெரிந்த சான்றும் ஒன்று உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1913-இல் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றார். லிவிங்ஸ்டன் கூடம் என்னும் விடுதியில் அவரோடு தங்கியவர் நவல் பதேனா என்னும் பார்சி இளைஞர். அந்த விடுதி நட்பு வாழ்நாள் நட்பாயிற்று.

‘பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் அருகருகே இருந்தா நண்பர்களானார்கள்?’ என்று தமிழ்த்துறை நண்பர்கள் எழுந்து கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். பாண்டிய நாட்டுப் புலவரும் உறையூர்ச் சோழ மன்னனும் காணாமலே கொண்ட நட்பு அது. அரசன், புலவன் என்னும் வேற்றுமையையும் கடந்தது. ஆனால் அதைப் பாட்டில் வைத்துப் போற்றியதற்குக் காரணமே, அது அரிது என்பதுதான். அரியதை நம்பி ஒரு கல்லூரியை நடத்த முடியாது. நம்மைப் போன்ற எளியவர்களுக்குப் பக்கத்து இருக்கை வேண்டும்.

பணம் கட்டும் சுவர்

சரி, எனக்குப் பக்கத்து இருக்கை கிடைத்ததே! நட்பும் மலர்ந்ததே! பிறகு ஏன் வாடியது?

ராஜ் செட்டி என்னும் பொருளியல் அறிஞரும் அவர் குழுவினரும், அமெரிக்காவில் 7 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் நட்புகளை ஆராய்ந்து, 2022-இல் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டார்கள். ஏழைக்கும் செல்வருக்கும் இடையே நட்பு குறைந்திருப்பதற்கு இரண்டு காரணங்களை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, சந்திக்கும் வாய்ப்பே இல்லாமை. மற்றொன்று, சந்தித்தும் நட்புக் கொள்ளாமை. ஏறத்தாழ இரண்டும் சரிபாதி! அதாவது, ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து அமர்த்துவது பாதி வேலைதான். மறுபாதி கூரைக்குள்ளே கிடக்கிறது. இத்தகைய நட்பு மிகுந்த ஊர்களில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள், பெரியவர்களான பின் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்றும் அவர்கள் கண்டார்கள். எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது, எந்தத் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்பதையெல்லாம் நண்பர் வழியாகத்தானே பெரும்பாலும் அறிகிறோம்? ஆகவே நட்பு மனத்துக்கு மட்டும் இன்பம் தருவதன்று. அது ஒருவகைச் செல்வமும் ஆகும். அந்தச் செல்வமும் இருப்பவனிடமே போய்ச் சேர்கிறது.

கூரைக்குள்ளே கிடக்கும் மறுபாதி எது என்பதை எனக்குப் புத்தகம் சொல்லவில்லை. இவ்வாண்டு ஒரு நாள், இருப்புச் சரிபார்ப்புக்காக நூலகம் பூட்டியிருந்தது. மதிய நேரம். நூலகத்துக்குப் போவதாகச் சொன்னவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியே நின்றுகொண்டிருந்தான். “ஏன்டா இங்க நிக்கிற?” என்று கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்:

“அஞ்சு பேரு. ஆளுக்கு ஒரு டீ, ஒரு வடைன்னா நூத்திப் பத்து ரூவா ஆவுது. நாலு நாளு உங்க காசுல சாப்புட்டுட்டு, அஞ்சாம் நாளு என் முறை வரும்போது எங்கடா போய் ஒளியறது? அதுக்கு வராமயே இருந்துடலாம்ல?”

நாள்தோறும் ஒருவர் முறைவைத்துக் காசு கொடுப்பது எங்கள் குழுவின் வழக்கம். அதை நாங்கள் பெருந்தன்மை என்றே எண்ணியிருந்தோம். யாரும் அவனை வராதே என்று சொல்லவில்லை. யாரும் அவன் சாதியைக் கேட்கவில்லை. ஒரு கடுஞ்சொல் கூடப் பேசவில்லை. ஆயினும் எங்கள் மேசை அவனை வெளியே நிறுத்திவிட்டது. நான் செய்த பிழை அதைவிடப் பெரியது. இரண்டு ஆண்டுகளில் ஒருமுறையேனும் ‘ஏன்?’ என்று அழுத்திக் கேட்டேனா? இல்லை. தலைக்கனம் என்று பெயர் சூட்டிவிட்டு, எனக்கு வசதியான நால்வரோடு இருந்துவிட்டேன். மிசிசிப்பியில் எழுந்துபோன மாணவர்களுக்கு வெறுப்பு இருந்தது. எனக்கு வெறுப்பு இல்லை, வசதி இருந்தது. எதிர் நாற்காலி காலியானது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

சேர்த்து வைத்தால் போதுமா?

1954-இல் கார்டன் ஆல்போர்ட் என்னும் உளவியல் அறிஞர், வேற்றுமையுடைய இரு பிரிவினரை வெறுமனே சேர்த்து வைத்தால் போதாது என்று எழுதினார். அவர் கூறிய நிபந்தனைகள் நான்கு: சேருமிடத்தில் இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும்; இருவருக்கும் பொதுவான குறிக்கோள் வேண்டும்; அதற்காக இருவரும் கைகோத்து உழைக்க வேண்டும்; நிறுவனத்தின் ஆதரவும் வேண்டும். எங்கள் முதல் பருவ நட்பை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தேன். ஆங்கிலத்தை நான் தந்தேன், புள்ளியியலை அவன் தந்தான். அங்கே நாங்கள் சமம். கேன்டீனுக்குள் நுழைந்ததும் அந்தச் சமநிலை போயிற்று.

நிபந்தனைகள் கூடி வந்தால் பலன் உண்டு என்பதற்கும் சான்றுகள் உள்ளன. தென்னாப்பிரிக்காவில் 1959-இல் இயற்றிய ஒரு சட்டம், வெள்ளையர் படித்த பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர் சேர்வதற்குத் தடை எழுப்பியது. இனவெறி ஆட்சி 1994-இல் முடிந்தது. பின்னாளில் அந்நாட்டின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில், விடுதி அறைத்தோழர்கள் குலுக்கல் போல அமைந்ததைப் பயன்படுத்தி மூவர் ஆராய்ந்தார்கள். 2022-இல் வெளிவந்த அவர்கள் கட்டுரையின்படி, வேறு இனத்தவரோடு ஓர் அறையில் தங்கிய வெள்ளை மாணவர்களிடம் கறுப்பினத்தவரைப் பற்றிய தவறான எண்ணங்கள் குறைந்தன. கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி உயர்ந்தது. தில்லியில் 2007 முதல் வசதியான தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. அப்பள்ளிகளை ஆராய்ந்த கௌதம் ராவ், ஏழை வகுப்புத் தோழர்களைப் பெற்ற வசதியான பிள்ளைகளிடம் ஈகைக் குணம் மிகுந்ததையும், ஏழைகளை ஒதுக்கும் போக்கு குறைந்ததையும் 2019-இல் வெளியிட்டார். அகர வரிசைப்படி பிரித்த படிப்புக் குழுக்களில் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தது அதற்குப் பெரிதும் துணை நின்றது. மீண்டும் அதே அகர வரிசை!

நாம் செய்யத்தக்கவை

ஆகவே, பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டு மாணவர்க்கு விடுதி அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குங்கள். ‘எங்கள் ஊர்ப் பையனோடு’ என்று கேட்டு வரும் பெற்றோரிடம் அன்போடு மறுத்துவிடுங்கள். செய்முறைக் குழுக்களையும் கருத்தரங்கக் குழுக்களையும் மாணவர் விருப்பத்துக்கு விடாமல், பருவந்தோறும் எண் வரிசையை மாற்றி நீங்களே அமையுங்கள். கல்விச் சுற்றுலாவுக்குக் கட்டணம் குறிக்கும்போது, வகுப்பில் மிகவும் இல்லாதவரால் எவ்வளவு கட்ட முடியும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

மாணவத் தோழர்களே, நமக்கும் வேலை உண்டு. அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. எங்கள் மேசையில் இப்போது முறை வைப்பதை நிறுத்திவிட்டோம். அவரவர் தேநீருக்கு அவரவர் காசு. கஞ்சத்தனம் போலத் தோன்றும் இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் என் நண்பன் மீண்டும் எங்களோடு வந்து உட்கார்ந்தான். சில நாள் தேநீர் மட்டும் குடிப்பான். சில நாள் ஒன்றும் வேண்டாம் என்று பேசிக்கொண்டு மட்டும் இருப்பான். பழைய இணக்கம் முழுவதும் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஆண்டுகள் சிறிய காலமா? சென்ற மாதம்தான் முதன்முறையாக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தாயார், “தம்பி பேரை முதல் வருசத்துல அடிக்கடி சொல்லுவான்” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கு இக்கல்லூரியில் எஞ்சியிருப்பவை சில வாரங்கள். இம்மலரைக் கையில் வாங்கும் முதலாண்டுத் தம்பி தங்கையர்க்கோ இன்னும் இரண்டு ஆண்டுகள் முழுமையாக இருக்கின்றன. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தன் அருகில் பிசிராந்தையாருக்கு ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான் என்று படித்திருக்கிறோம். அரசன் வைத்த இடத்துக்கு நண்பர் வந்து சேர்ந்தார். நாளைக்கு மணி அடித்ததும் நீங்கள் போய் அமரும் மேசையில் ஓர் இடத்தைக் காலியாக வையுங்கள். முன்பு வந்து இப்போது வராதவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவரைத் தேடிப் போய், ஏன் வரவில்லை என்று கேளுங்கள். முதல் விடையோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.